ஐந்து மணிக்கு மூட வேண்டிய செடி

பாயின்செட்டியா என்கிற கிறிஸ்துமஸ் செடியை வளர்ப்பதைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர்கூட அன்னவாசல் பக்கம் வந்திருக்க மாட்டார். கைப்பேசியில் தேடித் தேடி நான் படித்த குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கின. ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பனி நாட்களில் ஜன்னல் கண்ணாடியில் இலை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. கம்பியும் தகரக் கதவும்தான். ஹீட்டர் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். வீட்டைச் சூடாக்குகிற மிஷின் என்றேன். தலைக்கு மேலே இருந்த கான்கிரீட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேலயுமா?" என்றார்.

அந்தச் செடி எங்கள் வீட்டுக்கு வந்தது செப்டம்பரில். புதுக்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆய்வக உதவியாளர். தற்காலிகம். தாவரவியல் பட்டமும் பி.எட்.டும் கையில் இருந்தும், சோதனைக் குழாய் கழுவுகிற வேலைதான் முதலில் கிடைத்தது. சாயங்காலம் விடுதிப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு, எட்டரைக்கு ஊர் வந்து இறங்குவேன். அப்பா கொத்தனார். அம்மா நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாளில் களை எடுக்கவும் போகிறாள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். காலேஜில் என்ன படிக்கிறாய் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு அம்மா "செடி படிக்கிறான்" என்று சொல்லுவாள். "செடி படிக்க எதுக்குத்தா மூணு வருசம், நம்ம கொல்லையில எறங்கினாப் போதாதா?" என்று அவர்கள் கேட்பார்கள்.

தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டரின் அறையில், போன கிறிஸ்துமஸுக்கு யாரோ கொடுத்த பாயின்செட்டியா ஒன்று மிச்சம் இருந்தது. வந்தபோது உச்சி இலையெல்லாம் குங்குமம் மாதிரி இருந்ததாம். நான் பார்த்தபோது வெறும் பச்சை, அதிலும் பாதி உதிர்ந்து குச்சியாக நின்றது. தொட்டியைச் சுற்றி ஜிகினாத் தாளை அப்படியே விட்டுவைத்திருந்ததால் தண்ணீர் அடியில் தேங்கி வேர் நாறத் தொடங்கியிருந்தது. தாளைக் கிழித்தேன், மண்ணை மாற்றினேன், குச்சியை நறுக்கினேன். பதினைந்து நாளில் துளிர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு சிஸ்டர் சொன்னார்:

"ஜனவரியில ஏழாம் வகுப்பு சயின்ஸுக்கு ஆள் எடுக்கிறோம் சார். இதைக் கிறிஸ்துமஸுக்குள்ள செவக்க வெச்சுக் காட்டுங்க. செடி படிச்சவர்னு மேல சொல்றதுக்கு எனக்கும் ஒரு அத்தாட்சி வேணுமில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. "செஞ்சிரலாம் சிஸ்டர்" என்றேன்.

அந்த இலை சிவப்பதற்கு உரமோ மருந்தோ வேண்டாம். இருட்டு வேண்டும். தினமும் பதினாலு மணி நேரம், ஒரு பொட்டு வெளிச்சம் படாத இருட்டு, எட்டு வாரமாவது தொடர்ந்து. பகலில் நல்ல வெளிச்சம். பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனுக்காக வராந்தா விளக்கெல்லாம் விடிய விடிய எரியும். அங்கே முடியாது. அதனால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன், மூடுவதற்கு ஒரு ஃபிரிட்ஜ் அட்டைப் பெட்டியோடு.

பெட்டியை பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் பார்த்தார். "உள்ள யாரு?"

"யாரும் இல்லண்ணே, காலிப் பெட்டி."

"அப்ப மடிச்சுப் புடி. ஒரு ஆளு நிக்கிற எடத்துல காத்தக் கொண்டு போறே."

மடித்தால் ஓரம் விட்டு வெளிச்சம் கசியும். மடிக்காமல் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். இறங்குகிறபோது, "அந்தக் கையில இருக்கிறது மரவள்ளியா?" என்றார். செடியைத்தான் கேட்டார்.

வீட்டில் முதல் சண்டை அப்பாவோடு. நான் ஒரு இலையைக் கிள்ளியபோது பால் வடிந்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"பால் வடியிற செடியக் கொண்டாந்து எவனாச்சும் வீட்டுக்குள்ள வெப்பானா? வாசப்படிக்கு அங்கிட்டு வையி."

"வெளியில தெருலைட்டு அடிக்குதுப்பா."

"எருக்கஞ்செடி வெளியிலதான நிக்கிது. லைட்டு அடிச்சா செத்தா போச்சு?"

"இது வேறப்பா. ஒங்களுக்குப் புரியாது."

அந்த வார்த்தையை அப்போது நான் சாதாரணமாகச் சொன்னேன். அப்பா கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டார். "செடிக்கு உள்ள எடம் இருக்கு. இந்த வீட்டக் கட்டினவனுக்கு எடம் இல்ல" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். அது அரசாங்கத் திட்டத்தில் கட்டிய வீடு. சுவர் மட்டும் அவர் கையால் எழுப்பியது.

அம்மாவிடம் நான் சண்டை போடவில்லை, உத்தரவு போட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும். காலையில் ஏழரைக்கு நான் கிளம்பும்போது எடுத்துவிடுவேன். நடுவில் யாரும் தொடக் கூடாது.

"அஞ்சு மணிக்கா? வெளக்கு வைக்கிற நேரத்துல உசுரு உள்ளதப் போட்டு மூடுவாங்களாய்யா?"

"மூடணும்மா. அப்பத்தான் செவக்கும். செவந்தாத்தான் எனக்கு வாத்தியார் வேல."

"இருட்டுல கெடந்தா எப்புடிச் செவக்கும்?"

"அதெல்லாம் சொன்னா ஒனக்குப் புரியாது. மூடிரு, அவ்வளவுதான்."

அம்மா தலையை ஆட்டினாள். எங்கள் வீட்டில் படிப்பு சம்பந்தமான எதற்கும் அம்மா இப்படித்தான் தலையை ஆட்டுவாள். பள்ளிக்கூடப் படிவத்தில் எங்கே கைநாட்டு வைக்கச் சொன்னாலும் அதே ஆட்டம்தான்.

அக்டோபர் முழுக்க நான் செய்த வேலைகளை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தொட்டும் பார்த்தாள், ஊற்றவும் செய்தாள். கீழ் இலை மஞ்சளாகி விழுந்தது. இலைக்கு அடியில் வெள்ளை ஈ வந்தது. கையை ஆட்டினால் மாவு பறக்கிற மாதிரி பறந்து, மறுபடி அதே இலையில் உட்காரும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்க ஒரு செடியின் இலையைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தை, "பொண்ணு பாக்கச் சொல்லவாடா?" என்றாள். உள்ளேயிருந்து அம்மா, "வேல கெடைக்கட்டும் அண்ணி" என்றாள்.

இலைகள் நன்றாகத் தேறின. அகலமாக, கரும்பச்சையாக, ஆரோக்கியத்தின் உச்சத்தில் நின்றன. அதுதான் பிரச்சினை. நவம்பர் தொடங்கியும் நுனியில் ஒரு கீற்றுச் சிவப்புகூட இல்லை. தினமும் காலையில் தேர்வு முடிவு பார்க்கிற மாதிரி பெட்டியைத் தூக்குவேன். பச்சை. மறுநாள், பச்சை. பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். ஊசி நுனி அளவுக்கு இரண்டு இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. கறுப்பு டேப் ஒட்டினேன். இரவு வெக்கை அதிகமோ என்று தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டேன். கல்லூரி நோட்டை எடுத்து மறுபடி படித்தேன். அந்தக் கேள்விக்குப் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். ஓரத்தில் ஆசிரியர் போட்ட சிவப்பு மை டிக் ஒன்று இருந்தது. வீட்டில் சிவப்பாக இருந்தது அது மட்டும்தான்.

பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் எதிரில் வரும்போதெல்லாம் நான் ஆய்வகத்துக்குள் நுழைந்துகொள்ளத் தொடங்கினேன்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் நல்ல மழை. விடுதிப் பிள்ளைகளுக்கு அன்று படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஆறரைக்கே ஊருக்கு வந்துவிட்டேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் டியூப்லைட் எரிந்தது. டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அட்டைப் பெட்டி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. டியூப்லைட்டுக்கு நேர் கீழே, கோலம் போட்ட பலகை மேல், பாயின்செட்டியா. தொட்டியில் மூன்று விரல் திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமம். பக்கத்தில் விளக்கு. அதற்கும் பக்கத்தில் அம்மா உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா, சீக்கிரம் வந்துட்ட. நனைஞ்சிட்டியா?"

பெட்டியைக் காட்டினேன்.

"மூடிருவேன், மூடிருவேன். தெனமும் நீ வர்றதுக்கு முன்னாடி மூடிருவேன்ல."

"தெனமுமா?"

"அஞ்சு மணிக்கு நீ சொன்ன மாதிரி மூடிப்புடுவேன். வெளக்கு வைக்கையில தொறந்து, வெளக்கக் காட்டி, செத்த நேரம் எங்கூட வெச்சுக்கிருவேன். எட்டேகாலுக்குப் பட்டையத் தொடச்சுட்டு மறுபடி மூடிருவேன். நீ வீட்டுல இருக்கிற ஞாயித்துக்கெழம மட்டும் தொறக்கல."

"யாரும்மா ஒன்னத் தொறக்கச் சொன்னா?"

"ஒன் வேல இதுலதான இருக்குன்ன. வெளக்கு வெச்ச நேரத்துல அதத் தனியா இருட்டுல போட்டா அது எப்புடிடா வெளங்கும்?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத விருப்பமில்லை. இரண்டு மாதம் போச்சு, என் வாழ்க்கை போச்சு, படிக்காதவங்க கையில கொடுத்தா இப்படித்தான் என்பதுவரை போனேன். அம்மா கடலையை முறத்தில் தள்ளிவிட்டு, டிவியை நிறுத்தினாள். அடிக்கிற மழையில் அப்பா கட்டிலை வாசலிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல் அதைச் சுவரோரம் போட்டார்.

அம்மா கேட்டாள். "வெளிச்சம் பட்டா என்ன ஆகும்? அதையாச்சும் சொல்லு."

சொன்னேன். கோபத்திலேயே, ஆனால் முதல் முறையாகச் சொன்னேன். அந்தச் செடி இருட்டின் நீளத்தைத்தான் கணக்கு வைக்கிறது. இருட்டு நீண்டால் பூக்கிற காலம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளும், இலை சிவக்கும். நடுவில் வெளிச்சம் பட்டால் இன்னும் காலம் வரவில்லை என்று பச்சையாகவே நின்றுவிடும்.

அம்மா முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "கம்மாக்கரை ரோட்டுல பெரிய லைட்டு நட்டாங்கள்ல, அதுக்கு அடியில இருக்கிற வயலு மாதிரியா?" என்றாள்.

"எந்த வயலு?"

"அந்த லைட்டு அடிக்கிற மட்டுக்கும் நெல்லு கதிரு வாங்காம பச்சையாவே நின்னுச்சே. சுத்தி எல்லாம் அறுத்துட்டோம், அது ஒரு வட்டம் மட்டும் நின்னுச்சு. அறுக்கப் போன அத்தன பொம்பளைகளும் பாத்தோம்."

"ஆமாம்மா. அதேதான்."

"அதச் சொல்றதுக்கு என்னடா வந்துச்சு ஒனக்கு?" அம்மாவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "லைட்டடி நெல்லு மாதிரின்னு ஒரு வார்த்த. அதச் சொன்னா நான் ஏன் தொறக்கப் போறேன்? புரியாது புரியாதுன்னா, எனக்குத் தெரிஞ்சதத்தான் நான் செய்வேன்."

அந்த வயலைத் தாண்டித்தான் நான் தினமும் பஸ் ஏறப் போகிறேன். பத்துக்குப் பத்து வாங்கிய எனக்கு அந்தப் பச்சை வட்டம் ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. இதை நினைத்து எனக்கு வந்த எரிச்சலுக்கு யார் மேலும் பழி போட முடியவில்லை. அதனால் அது இன்னும் அதிகமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அம்மா என்னைவிடக் கடுமையாகிவிட்டாள். அஞ்சு மணிக்கு மூடுவதோடு, பெட்டிமேல் பழைய சேலையை நான்காக மடித்துப் போட்டாள். அந்தக் கூடத்தில் சாயங்காலம் லைட் போடுவதையே நிறுத்தினாள். பெட்டி போதும்மா, லைட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னேன். "சந்து வழியாப் போயிருச்சுன்னா?" என்றாள். அப்பா சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆனால் எட்டு வாரம் வேண்டிய இடத்தில் மூன்றரை வாரம்தான் மிச்சம் இருந்தது. அரையாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் செடியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். உச்சியில் இரண்டு இலைகளின் காம்போரம் மட்டும் வெற்றிலைச் சாறு பட்ட மாதிரி லேசாக நிறம் மாறியிருந்தது. மற்றதெல்லாம் பச்சை.

அலுவலக அறையில் சிஸ்டரும் கணக்கு எழுதுகிற மிஸ்ஸும் கிறிஸ்துமஸ் குடில் அலங்காரச் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாயின்செட்டியா ஆறு கொத்து இருந்தது, எல்லாம் சிவப்பு.

"என்ன சார், செவக்கலையே?"

பஸ்ஸில் வரும்போது நான் தயாரித்து வைத்திருந்த பதில் வேறு. வெப்பநிலை, காலப் போதாமை என்று ஏதேதோ. வாயில் வந்தது வேறு.

"எங்க அம்மா தெனமும் தொறந்து வெளக்குக் காட்டிட்டாங்க சிஸ்டர். அவங்களுக்குத் தெரியாது."

"வெளக்குன்னா?"

"சாமி வெளக்கு. திருநீறெல்லாம் பூசி..."

மிஸ் முதலில் சிரித்தார். சிஸ்டரும் சிரித்துவிட்டார். அந்த நேரம் உள்ளே வந்த இரண்டு ஆசிரியைகளுக்கு மிஸ் அதைத் திரும்பச் சொன்னார். "சாரோட அம்மா கிறிஸ்துமஸ் செடிக்குப் பட்டை போட்டுட்டாங்களாம்." அவர்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்தேன். கம்மாக்கரை நெல்லைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்ல இடம் இருந்தது, நேரமும் இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். "சிஸ்டர், அந்த ஏழாம் வகுப்பு..."

"அதுவா? போன வாரமே மேலேர்ந்து ஒருத்தங்களை அனுப்புறோம்னு சொல்லிட்டாங்களே. ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"இல்ல சிஸ்டர். செடி செவந்தா..."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. "செடிக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்? நீங்க ஜூன்ல ஒரு அப்ளிகேஷன் குடுங்க. இதை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருங்க, லீவுல இங்க தண்ணி ஊத்த ஆள் இல்ல."

அன்று விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டதால் சாயங்காலப் படிப்பு இல்லை. நாலே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். என் கையிலிருந்து செடியை வாங்கிய அம்மா முதலில் வெயிலைப் பார்த்தாள். "நல்ல வேள, நேரத்துக்குக் கொண்டாந்துட்ட" என்று நேராகக் கொண்டுபோய் வைத்துப் பெட்டியைக் கவிழ்த்தாள். சேலையை மேலே போட்டு நாலு பக்கமும் இழுத்துவிட்ட பிறகுதான் கேட்டாள்.

"சிஸ்டரு என்ன சொன்னாங்க?"

"இன்னும் செவக்கலையேன்னாங்க."

"ரெண்டு எலையில வந்திருக்கே, அதக் காட்டுனியா?"

"பாத்தாங்க."

"முழுசா எப்பச் செவக்கும்?"

"ஜனவரி கடைசி ஆகும்."

"அப்பக் கொண்டு போயிக் காட்டு. ஜனவரியிலதான ஆளு எடுக்குறாங்க."

நான் கம்மாய்க்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பொழுது இறங்கியிருந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் லைட் போட்டார்கள். அம்மா கூடத்தில் போடவில்லை. விளக்கை ஏற்றி, உள்ளே வைக்காமல் வாசற்படிக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலையிலிருந்து வந்த அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கரண்ட் இல்லையா?"

"இருக்கு. செடி இருக்குல்ல உள்ள."

அப்பா என்னைப் பார்த்தார். இருட்டுக்குள் தடவிக்கொண்டு போனார். உள்ளே தண்ணீர்க் குடம் இடறுகிற சத்தம் கேட்டது.

"லைட்டைப் போடும்மா" என்று சொல்ல வேண்டுமானால், ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால், அந்த வேலைக்கு ஆள் வந்துவிட்டதைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், நான் அங்கே எல்லோரோடும் சேர்ந்து சிரித்ததும் என் முகத்தில் தெரிந்துவிடும். படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொசு பிடுங்கியது. அம்மா முந்தானையால் என் காலையும் சேர்த்து விசிறிக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு அம்மா சோறு போட எழுந்திருக்கிறவரைக்கும் நான் சொல்லவில்லை.